நைலான் சேலையும் மே மாத வெயிலும்

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் உனக்குக் கோட்டும் சூட்டும் தைக்கக் கம்பளித் துணி எடுக்கப்போகிறார்கள் என்றும், நீலம், சாம்பல் இரண்டில் எது எடுப்பாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறாய். கல்யாணம் திண்டுக்கல்லில், மே மாதத்தில், காலைப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது மணி பன்னிரண்டைத் தொட்டுவிடும். நீ பெங்களூரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டதால் இந்த ஊரின் மே மாதம் உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலைக்கோட்டைப் பாறை, சாயங்காலமானால் அதை ஊருக்குள் திருப்பி அனுப்பும். தெருக்குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும். அந்த வெயிலில் நீ கம்பளிக்குள் நிற்பதை நினைத்தாலே எனக்கு இங்கே கழுத்து வேர்க்கிறது.

கோட்டு வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால், அம்மாவுக்கு நாகரிகம் தெரியாது என்று நீ நினைத்துக்கொள்வாய். அலங்காரம் எதற்கு, எளிமையாக இரு என்று சொல்கிற அம்மா நான் இல்லை. அழகாக உடுத்த வேண்டும் என்ற ஆசை உனக்கு இருப்பதைவிட ஒரு பங்கு கூடுதலாகவே எனக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஆசையோடு இந்த ஊர் வெயிலில் எப்படி வாழ்வது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் நீளமானது. அதில் உன் ரோஸ்லின் பெரியம்மாவின் கல்யாணம் இருக்கிறது, உன் அப்பாவின் டெரிலின் சட்டை இருக்கிறது. துண்டு துண்டாக நீ கேட்டிருப்பாய். முழுதாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். அவசரமில்லாமல் படி.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தார். வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான் பிள்ளைகள். உன் பெரியம்மா என்னைவிட மூன்று வயது மூத்தவள், என்னைவிட நிறம், என்னைவிட அமைதி. திருச்சியில் வாத்தியாராக இருந்த சவரிமுத்து என்கிற உன் பெரியப்பாவுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். அவர் சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். அவரை வளர்த்தது அவருடைய அத்தை. அதனால் அந்த வீட்டில் அத்தை சொன்னதுதான் சட்டம். தவசுக் காலத்தில் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை அல்லவா, ஈஸ்டர் கழிந்துதான் நாள் பார்ப்பார்கள். அப்படித்தான் அக்காவின் கல்யாணமும் மே மாதத்தில் வந்து விழுந்தது.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் அந்த அத்தை ஒரு பெட்டியோடு வந்தார். பெரியப்பாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய நைலான் சேலை அதற்குள் இருந்தது. நைலான் என்ற பெயரையே அன்றைக்குத்தான் எங்கள் தெரு கேட்டது. வெள்ளைவெளேர் என்று, கைக்குள் அடங்குகிற கனத்தில், விரித்தால் சுருக்கம் விழாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தெருப் பெண்கள் எல்லோரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். கஞ்சி வேண்டாம், பெட்டி போட வேண்டாம், ஒரு செம்புத் தண்ணீரில் அலசி உதறினால் உடனே காய்ந்துவிடும் என்று அத்தை சொன்னார். குடத்துக்குக் குடம் சண்டை போட்டுத் தண்ணீர் பிடிக்கிற ஊரில் அது எப்பேர்ப்பட்ட செய்தி என்று யோசித்துப் பார். பிற்பாடு ஊரே நைலானுக்கு மாறியதை நான் கேலி செய்ததில்லை. அதற்கு அதற்கான நியாயம் இருந்தது.

சேலையோடு சாட்டின் துணியில் மணிக்கட்டு வரை நீண்ட கை வைத்த ஜாக்கெட், சாட்டின் உள்பாவாடை, கைக்கு உறை, தலைக்கு வலை முக்காடு, மெழுகுப் பூ வைத்த கிரீடம் எல்லாம் வந்திருந்தன. அக்கா எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தபோது வேளாங்கண்ணி மாதா சுரூபம் மாதிரிதான் இருந்தாள். அதில் பொய் இல்லை. எனக்குக் கல்யாணத்துக்கென்று அப்பா சின்னாளப்பட்டிக்குக் கூட்டிப்போய் ஒரு சுங்குடிச் சேலை எடுத்துத் தந்திருந்தார். சந்தன நிறம், உடல் முழுக்க வெள்ளைப் புள்ளி, அரக்குக் கரை. நானாகத் தேர்ந்தெடுத்த முதல் சேலை அது. முந்தின நாள் வரை அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், நைலானைப் பார்த்த பிறகு பெட்டியின் அடியில் தள்ளிவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்குப் பூசை என்று ஏற்பாடு. அப்போதெல்லாம் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறவர்கள் முந்தின நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்க வேண்டும். அக்கா அப்படியே இருந்தாள். ஐந்து மணிக்கெல்லாம் அவளைக் குளிப்பாட்டி, சேலை கட்டி, கிரீடம் வைத்து உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் மணப்பாறைக்கு இந்தப் பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. அவர்கள் கோயில் வாசலில் வந்து இறங்கியபோது மணி பத்துக்கு மேல். அதுவரை அக்கா அந்த உடுப்போடு நாற்காலியில் அசையாமல் இருந்தாள். சேலை கலைந்துவிடக் கூடாது என்று யாரும் அவளைத் தொடவிடவில்லை. நான் மட்டும் அடுப்படிக்குள் போய் யாருக்கும் தெரியாமல் ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டேன். எனக்குப் பசி பொறுக்காது.

கோயிலுக்குள் விசிறி கிடையாது. மேல் சன்னலிலிருந்து வெயில் பீடத்தின் படிவரை விழுந்திருந்தது. அக்காவுக்குப் பின்னால் நான் நின்றேன். அவள் தலையிலிருந்த மெழுகுப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்வதைப் பார்த்தேன். ஒரு இதழ் உருகி முக்காட்டின் மேல் ஒட்டிக்கொண்டது. பெரியப்பா கறுப்புக் கம்பளிக் கோட்டும் கழுத்தில் டையுமாக நின்றார். அவர் காது மடலிலிருந்து வேர்வை சொட்டியது. பிரசங்கம் முடிந்து, சம்மதம் கேட்பதற்காகச் சாமியார் படியிறங்கி வந்த நேரம், அக்கா முழங்காலில் இருந்தபடியே பக்கவாட்டில் சரிந்தாள். விழுந்த வேகத்தில் கையும் காலும் ஒருமுறை வெட்டி இழுத்தன.

நானும் என் அம்மாவும் அவளைத் தூக்கி, சாமியார் உடுப்பு மாற்றும் சிறிய அறைக்குள் கொண்டுபோய்க் கிடத்தினோம். வெளியே பெரியப்பாவின் அத்தையின் குரல் கேட்டது.

"இது மயக்கம் இல்ல. வலிப்பு. கை கால் இழுத்ததை நான் கண்ணால பாத்தேன். மறைச்சுக் கட்டிவைக்கப் பாத்திருக்காங்க."

என் அப்பா எதிரில் நின்று கைகூப்பியிருக்க வேண்டும். அவர் குரல் இறங்கி வந்தது. "அம்மா, எம் மகளுக்கு அப்படி ஒண்ணும் கெடையாதும்மா. ராத்திரியிலருந்து தண்ணி குடிக்கல. வெயிலு வேற. அம்புட்டுத்தான்."

"எல்லாப் பொண்ணுகளும்தான் தண்ணி குடிக்காம வருது. எல்லாமா விழுகுது? நாங்க புறப்படுறோம்."

உள்ளே நாங்கள் கையுறையைக் கழற்றினோம். ஜாக்கெட் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, உரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு வெடித்துச் செக்கச்செவேல் என்று இருந்தாள். அக்கா கண் திறந்து, "எரியுதும்மா" என்றாள். அம்மா அவள் மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள்.

அப்போது கதவுக்கு வெளியே உன் பெரியப்பாவின் குரல் கேட்டது. "நான் செத்த பேசலாமா?" அதுவரை அவர் அக்காவோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அம்மா கதவை ஒருக்களித்தாள். அவர் உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கேட்டார்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"இந்தச் சேலையில என்னால நிக்க முடியலங்க" என்றாள் அக்கா. "வேற சேலைன்னா நிப்பேன்."

அவர் அத்தையின் பக்கம் திரும்பினார். "அத்தே, எனக்கும் முதுகுல தண்ணியா ஓடுது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நானும் விழுந்தா எனக்கும் வலிப்புன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவியா?" சொல்லிக்கொண்டே டையை அவிழ்த்தார். கோட்டைக் கழற்றி மடித்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் கையில் கொடுத்தார். உள்ளே போட்டிருந்த சட்டை உடம்போடு ஒட்டி, பிழிந்து போட்டது போல இருந்தது. "நான் இப்படியே நிக்கிறேன். அவங்களும் அவங்களுக்குத் தோதா கட்டிட்டு வரட்டும்."

சாமியாரும் பட்டுப் பூசை உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். அவரும் அன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காதவர்தான். "எனக்கு ஆட்சேபனை இல்ல" என்றார். "கழட்டலாம்னா நானும் கழட்டிருவேன். பொண்ணுக்கு முதல்ல தண்ணி குடுங்க. நன்மை இன்னொரு நாள் வாங்கிக்கலாம். கல்யாணத்துக்குத் தடையில்ல."

வேறு சேலைக்கு வீடுவரை போய்வர நேரமில்லை. நான் அன்று உடுத்தியிருந்த என் சுங்குடியை அவிழ்த்தேன். "கலர் சேலையிலயா தாலி கட்டுறது?" என்று அம்மா தயங்கினாள். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவருக்கும் அளவு ஒன்றுதான். என் மல் துணி ஜாக்கெட்டையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, அவளுடைய சாட்டினையும் நைலானையும் நான் சுற்றிக்கொண்டேன். சந்தன நிறச் சுங்குடியில், தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா மறுபடி பீடத்துக்கு நடந்துபோனாள். முகத்தில் நீர் தெளித்த ஈரம் காயவில்லை. அவளை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பின்னால் நின்ற எனக்கு மூடி போட்ட இட்லிக் கொப்பரைக்குள் நிற்பது போல இருந்தது. பெட்டியில் இருந்தபோது காற்று மாதிரி இருந்த அந்தச் சேலை ஒரு பொட்டுக் காற்றை உள்ளே விடவில்லை. அக்கா காலை ஐந்து மணியிலிருந்து எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் நடந்துவிட்டது. அத்தை விருந்தில் கை நனைக்கவில்லை. திருச்சிக்குப் போன பிறகும் அவர் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உன் பெரியம்மா அந்த வீட்டில் கிணற்றடிக்குப் போனால் ஒருவர் கூடவே போவார், விழுந்துவிடுவாளோ என்று. பிள்ளை பெற்ற பிறகும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கவிட மாட்டார்கள். பெரியப்பா அவளுக்குத் துணையாக இருந்தார், ஆனாலும் வீட்டில் பத்துக் கண்கள் ஒரு பெண்ணை எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். அந்தப் பேச்சு அங்கேயே நிற்கவும் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, சிரித்துப் பேசிவிட்டுப் போவார்கள். பிறகு ஆள் வழியாகச் சேதி வரும். அக்காளுக்கு வலிப்பாமே. நாலைந்து வருஷம் இப்படிப் போனதும் அப்பா என்னை டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளச் சொன்னார். கற்ற இடத்திலேயே எனக்கு வேலையும் கிடைத்தது.

கடைவீதியில் ஒரு மாடி. மேலே தகரக் கூரை. வரிசையாக மிஷின்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பையனோ பெண்ணோ. மாசி பிறந்ததும் அந்தத் தகரம் காயத் தொடங்கும். அங்கே சொல்லிக் கொடுக்கிறவள் காலையிலிருந்து இரவு ஏழு மணிவரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். வந்து சேருகிற பெண்கள் முதலில் டீச்சரைத்தான் பார்ப்பார்கள். கல்யாணமாகாதவள் என்று ஊர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். பரிதாபப்பட வருகிறவர்கள் என் சேலையைப் பார்த்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு எனக்கு.

அந்தத் தகரத்துக்கு அடியில்தான் உடுத்தக் கற்றேன். வாயில் என்று கடையில் சொல்கிற சேலை மெல்லிய பருத்தி, ஆனால் அதற்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டால் அட்டையைச் சுற்றிக்கொண்டது போல ஆகிவிடும். கஞ்சியை நீராகக் கரைத்து, கொசுவமும் முந்தானையும் மட்டும் விறைப்பாக நிற்கும்படி முக்கி எடுப்பேன். மடிப்பு மடிப்பாக நிற்கும், இடுப்பில் காற்றும் போகும். உள்பாவாடை எப்போதும் பருத்திதான். ஊரெல்லாம் முழங்கைவரை இறுக்கிப் பிடித்த கை தைத்துக்கொண்டிருந்தபோது, நான் அக்குளில் ஒரு விரல் தளர்த்தி, தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்படி தைக்கச் சொல்வேன். டெய்லர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவர் கடைக்கு வருகிறவர்களே, டீச்சர் ஜாக்கெட் மாதிரி தைத்துத் தா என்று கேட்கத் தொடங்கினார்கள். வெளியே நடக்கிற நாளில் வெளிர் நிறம், உள்ளேயே இருக்கிற நாளில் அடர் நிறம். பின்னலைத் தூக்கிக் கொண்டை போட்டுக் கழுத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். நிலக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வருகிற மல்லிகையில் ஒரு முழம், கழுத்தில் படாமல் கொண்டைக்கு மேலே. வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுவேன், பவுடரை அள்ளிப் பூசி அதை அடைக்க மாட்டேன். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வொரு மே மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

உன் அப்பா அங்கேதான் வந்தார், அறுபதுகளின் தொடக்கத்தில். மதுரைக் கம்பெனி ஒன்றிலிருந்து மாதம் ஒருமுறை மிஷின் பழுது பார்க்க வருவார். முதல் தடவை வந்தபோது டெரிலின் சட்டை, டெரிலின் பேண்ட். அப்போது நைலானுக்குத் தம்பியாக வந்த அந்த டெரிலினைப் போட்டவர் என்றால் தெருவே திரும்பிப் பார்க்கும். முழுக்கைச் சட்டையின் பித்தானை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, தகரக் கூரையின் கீழே குனிந்து மிஷினைத் திறந்தார். சற்று நேரத்தில் நெற்றியிலிருந்தும் தாடையிலிருந்தும் வேர்வை நேராக மிஷினுக்குள் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சார், ஒண்ணு சொல்லலாமா?" என்றேன்.

"சொல்லுங்க."

"அடுத்த மாசம் வாரப்ப வேற சட்டை போட்டுட்டு வாங்க. பழைய துருவையே எடுத்தபாடில்ல. நீங்க புதுசா ஊத்திட்டுப் போறீங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இனி வேறு ஆளைத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வெள்ளைப் பருத்திப் பாப்ளினில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே வந்தார். மிஷினைத் திறப்பதற்கு முன்னால் என் மேஜைக்கு வந்து, "இப்பச் சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் மிஷின்கள் அளவுக்கு அதிகமாகப் பழுதாயின. அதைப் பற்றி உன் அப்பாவிடமே நீ கேட்டுக்கொள். முடிவில் ஒருநாள் அவர் வந்து, பேச்சோடு பேச்சாக, "எங்கம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். இங்க விசாரிச்சிருக்காங்க. உங்க அக்காவுக்கு வலிப்புன்னு யாரோ சொல்லியிருக்காங்க" என்றார். நான் அவரை உட்காரச் சொல்லி, இப்போது உனக்கு எழுதியதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அதே சேலையத்தான் அப்புறம் நீங்க கட்டிட்டு நின்னீங்க. உங்களுக்கு ஏன் மயக்கம் வரல?"

"நான் காப்பி குடிச்சிருந்தேன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவருடைய அம்மாவுக்கு அது போதவில்லை. அக்காளை நேரில் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இதை உன் பெரியம்மாவுக்கு நான் எப்படிச் சொல்வது? அத்தனை வருஷம் பார்வையாலேயே நோகடிக்கப்பட்டவளை இன்னொருமுறை பார்வைக்கு வைப்பதா? வேண்டாம் என்று நான் உறுதியாக இருந்தேன். விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. யாரும் கூப்பிடாமல் திருச்சியிலிருந்து பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதுவும் மே மாதம்தான்.

அன்று என்னைப் பார்க்க வந்திருந்த உன் ஆச்சி, அப்பாவின் அம்மா, எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் என்று சொல்ல முடியாது, அப்படி இருந்தாள் அக்கா. இளநீல வாயில் சேலை, வெள்ளை மல் ஜாக்கெட், கழுத்துக்கு மேலே கொண்டை. முகம் கழுவிவிட்டு வந்து நேராக அந்த அம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னையப் பாக்கத்தானே வரணும்னு சொன்னீங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நல்லாப் பாத்துக்கங்கம்மா. பொழுது சாயுற வரைக்கும் இங்கதான் இருப்பேன். இத்தன வருசமா எல்லாரும் பாக்குறாங்க, இன்னும் நான் விழல. ஒரு நாளு விழுந்தேன், அதுவும் வேற ஒருத்தர் ஆசைப்பட்டு எடுத்த சேலையக் கட்டிக்கிட்டு. எந் தங்கச்சி உடுத்துறது அவளா எடுத்தது. அவ விழமாட்டா."

என் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், கண்ணைத் துடைத்துக்கொள்ள. அந்த அம்மாள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் சாய்ந்து அக்காவின் முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டு நைசா இருக்கே, இது எங்க எடுத்தது தாயி?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். சம்மதம் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. சாயங்காலம் இருவரும் சேர்ந்து கடைவீதிக்குப் போய்விட்டு வந்தார்கள். உன் பெரியம்மா அன்று சிரித்ததைப் போலக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவள் புருஷன் வீட்டு அத்தை மட்டும் கடைசிவரை மாறவில்லை. எல்லோரும் மாறிவிடுவார்கள் என்று நான் உனக்கு எழுதினால் அது பொய்.

எங்கள் கல்யாணத்தை விடியற்காலை முதல் பூசையில் வைத்தோம். அதற்குள் நன்மைக்கு முன்னால் தண்ணீர் குடிக்கலாம் என்று சட்டமும் தளர்ந்திருந்தது. நான் மெல்லிய சரிகைக் கரை போட்ட வெள்ளை வாயில் கட்டினேன். முக்காட்டுக்கு மஸ்லின். கையுறை இல்லை. உன் அப்பா வெள்ளை ட்ரில் பேண்டும் லாங்கிளாத் சட்டையும். கோட்டு இல்லாமல் எம் மகன் நிற்பதா என்று உன் ஆச்சி அழுதார். அதற்காக, பூசை முடிந்து ஸ்டுடியோவுக்குப் போனபோது, ஸ்டுடியோக்காரர் மாட்டி வைத்திருந்த கோட்டைப் படம் பிடிக்கிற நேரத்துக்கு மட்டும் அப்பா போட்டுக்கொண்டார். நம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிற படத்தில் இருப்பது அந்தக் கோட்டுதான். முதுகுப் பக்கம் அது கிழிந்திருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். நீலமும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம் என்று நான் முடிவு சொல்லப்போவதில்லை. உடுத்தப்போகிறவன் நீ. வெளிர் நிறத்தில் பருத்தியிலோ லினனிலோ, உள்துணி வைக்காமல், தோளில் மட்டும் பிடித்து உடம்பில் தளரும்படி ஒரு கோட்டு தைத்தால் மிடுக்காகவும் இருக்கும், மூச்சும் விடலாம். உன் உயரத்துக்கு அது நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன எடுத்திருக்கிறார்கள், யார் எடுத்தார்கள், அவளுக்கு அது பிடித்திருக்கிறதா, அதைக் கட்டிக்கொண்டு அவளால் உட்கார முடியுமா, நிற்க முடியுமா என்று கேள். பெரியவர்கள் வழியாகக் கேட்காதே, அவளையே கேள். உன் கடிதத்தில் நான்கு பக்கமும் உன் சூட்டைப் பற்றித்தான் இருந்தது. உன் பெரியப்பா அந்தக் கேள்வியைக் கல்யாணத்தின் நடுவில், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கேட்க முடிந்தது. உனக்குத் தபால் இருக்கிறது, டெலிபோன் இருக்கிறது, இன்னும் நாளும் இருக்கிறது.

இதை எழுதி முடிக்கிற இப்போது மத்தியானம். சன்னலை எல்லாம் சாத்தியிருக்கிறேன். நீ பிறந்த பிறகு வந்த முதல் மே மாதம் நினைவுக்கு வருகிறது. நாங்கள் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்விட்டு வந்த உடுப்பைக்கூட மாற்றாமல் நானும் உன் அப்பாவும் ஆளுக்கொரு பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தோம். நீ சிவப்புச் சிமெண்டுத் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாய். நான் துடைத்து ஈரம் காயாத இடம் எது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே போய் வயிறு படியக் குப்புறப் படுத்து, எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தூங்கிப்போனாய். உன் உடம்பில் இருந்தது இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு மட்டும். உன் அப்பா விசிறுவதை நிறுத்திவிட்டு உன்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், இந்த ஊருக்கு உடுத்தத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்றார்.

அன்புடன்,
உன் அம்மா